மார்கழி மாதத்துப் பெண் வீட்டுக்காரர்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பகல்பத்து, இராப்பத்து என்று ஊரே கோயிலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கும். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் பஸ்ஸில் படிக்கட்டுவரை ஆள் தொங்கும். ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட்டு. பூக்காரர், காபிக்கடைக்காரர், லாட்ஜ்காரர் எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை. அந்த மாதத்தில் அந்த ஊரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நானும் என் வீட்டுக்காரரும்தான். எங்களுடையது கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். மார்கழியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை.

ஆடியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆனாலும் சமயபுரத்தில் யாராவது அன்னதானம் போடுவார்கள், வளைகாப்பு என்று ஏதாவது வந்துவிடும். மார்கழிதான் சுத்தமான லீவு. கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் முடிந்த கையோடு பரிமாறுகிறவர்கள் எல்லாம் முசிறிப் பக்கம் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அண்டாக்களையும் தவலைகளையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து, ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டுவார் என் வீட்டுக்காரர். தை பிறந்தால்தான் அந்தச் சாவி ஆணியை விட்டு இறங்கும்.

எங்கள் தொழிலில் அடுப்பு அவருடையது, வாய் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றவள் நான். "பார்த்துட்டு வரோம்" என்று எழுந்துவிட்ட பெண்களை மறுபடி உட்கார வைக்கத் தெரியும். அந்த வாயை வைத்துத்தான் எங்களுக்கு ஆர்டர்கள் வந்தன. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, காலை டிபனுக்குப் பொங்கலா கிச்சடியா என்பதில் சம்பந்தமே முறிந்துவிடும் போல இருக்கும்போது, இரண்டு பேரையும் சிரிக்க வைத்து, கடைசியில் இரண்டையும் போட வைத்து அனுப்புவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருகிறவரிடம் "சாப்பாடு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்பேன். "பிரமாதம்" என்றால் சந்தோஷம். "உப்பு தூக்கல்" என்றால் அதுவும் நல்லதுதான். சண்டை போடுகிறவரைச் சமாளித்துவிடலாம், அவரே அடுத்த ஆர்டரையும் கொடுப்பார். பயப்பட வேண்டியது "பரவாயில்லைங்க" என்று சொல்கிறவரிடம்தான். நம் ஊரில் மனசு நொந்தவர்கள் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை அது. பஸ்ஸில் காலை மிதித்தாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போன இடத்தில் காபி ஆறியிருந்தாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்துப் போய்விடுவார்கள், அப்புறம் திரும்பி வரவே மாட்டார்கள். அதனால் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னால் அவரை விடக்கூடாது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "எதுன்னு சொல்லுங்க, நாங்க கோச்சுக்க மாட்டோம்" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. எங்களிடம் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன்.

அவருடைய அடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். முதல் இலை சாமிக்குப் போகிறது, அதற்கு முன்னால் ருசி பார்ப்பது எச்சில் ஆகிவிடும் என்பார். எல்லாம் மூக்குதான். சாம்பார் அண்டாவின் மேல் லேசாகக் குனிவார், ஆவியைக் கையால் தன் பக்கம் தள்ளிக்கொள்வார், நிமிர்ந்து "இன்னும் ஒரு கை உப்பு" என்பார். ரசத்துக்கு எட்டி நின்றே சொல்வார். நெய் எந்த ஊரிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்வார்; அதில் பாதி பீலா என்று எனக்குத் தெரியும், ஆனால் மண்டபத்துக்காரர்கள் வாய் பிளந்து கேட்பார்கள்.

மார்கழி விளையாட்டை ஆரம்பித்ததும் அவர்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மார்கழி முழுக்க நான் டிவி முன்னால் கிடந்தேன். தை பிறந்து முதல் ஆர்டர் பேச வந்தவர்கள் முன்னால் வாய் குழறியது. ஐந்து வகைப் பொரியலை நான்கு என்று சொல்லிவிட்டு, பிறகு திருத்தி, அவர்கள் முகத்தில் சந்தேகத்தைப் பார்த்து, இன்னும் உளறினேன். அந்த ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அடுத்த மார்கழி பிறந்த அன்று சாயங்காலம் வாசலில் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அவர். வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கி விட்டு, தோளில் துண்டு போட்டு, என்னுடைய கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் இந்த வீடுதாங்களா? எம் பொண்ணுக்குத் தையில முகூர்த்தம் வச்சிருக்கு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உள்ள வாங்க, காபி ஆறுது" என்றேன்.

"என்னம்மா, வந்தவங்களை இப்படித்தான் கூப்பிடுவீங்களா? உட்காருங்கன்னு ஒரு வார்த்தை கிடையாதா?" என்று முறைத்தார். அப்புறம்தான் அவர் விளையாடவில்லை, அல்லது விளையாட்டைத் தொழிலாகவே செய்கிறார் என்று புரிந்தது. "வாங்கய்யா, உட்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அன்றைக்கு என்னை ஒரு வழி செய்துவிட்டார். தேங்காய்ச் சட்னிக்குத் தேங்காய் எந்தத் தோப்பு என்பதுவரை கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், எல்லாம் அவர்தான். ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர் வருவார். எதையும் எழுத்தில் கொடு என்பார். மாப்பிள்ளையின் அத்தை வருவாள். முந்தானை மாதிரி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எங்க பக்கத்துல அப்பளம் இவ்வளவு சின்னதா போட மாட்டோம்" என்று உதட்டைச் சுழிப்பாள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து சர்க்கரை இல்லாமல் ஜாங்கிரி கேட்டார். கல்லூரிப் பக்கத்திலிருந்து ஒரு கிறிஸ்துவ வாத்தியார் வந்து, "எங்களுக்கு மார்கழியெல்லாம் கிடையாதும்மா, உங்களுக்கு என்ன லீவு?" என்று மடக்கினார். மறு வருஷம், அந்த ஒரு மார்கழியில் மட்டும், கிறிஸ்துமஸ் கழித்து மூன்று சர்ச் கல்யாணம் எடுத்தோம். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு தடவை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல இதுக்குன்னு ஹோட்டல் ரூம் போட்டு ட்ரெயினிங் குடுக்கிறாங்கம்மா. அப்பா ஒரு துண்டை வச்சே முடிச்சிடுறாரு" என்று சிரித்தாள்.

நான் சம்மதிக்க வைத்துவிட்டால் ஜெயித்தேன் என்று கணக்கு. தோற்றவர் ராத்திரி பாத்திரம் கழுவ வேண்டும். பெரும்பாலும் அவர்தான் கழுவினார்.

அவருடைய கை மறந்துவிடக் கூடாது என்பதற்காக நானும் ஒரு ஏற்பாடு செய்தேன். மார்கழியில் வீட்டுச் சமையல் அவர் பொறுப்பு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற மனிதருக்கு இரண்டு பேருக்குச் சமைக்க வராது. கை அள்ளி அள்ளிப் பழகிவிட்டது, சிட்டிகை தெரியாது. ஒரு நாள் உப்புக் கரிக்கும், ஒரு நாள் உப்பே இருக்காது. ரசம் குழம்பாகிவிடும். "உங்களை நம்பி ஊரே பந்தியில உட்காருது, எனக்கு மட்டும் வாய்க்கலையே" என்று நான் கேலி செய்வேன். "இன்னும் நானூத்தித் தொண்ணூத்தெட்டு பேரைக் கூட்டிட்டு வா, ருசியாப் போடறேன்" என்பார். வருஷா வருஷம் இதே கேலி, இதே பதில். எங்களுக்கு அலுத்ததே இல்லை.

இந்தக் கேலிதான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் புரட்டாசியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊர் முழுக்க இருந்த காய்ச்சல்தான். ஒரு வாரம் படுத்தார், கஷாயம் குடித்தார், எழுந்தார். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வழக்கம்போலக் கல்யாணங்கள் நடந்தன. ஒரே ஒரு மாற்றம். அவருக்கு அடுத்து நிற்கிற முசிறிக்கார மாஸ்டரை அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார். "நீ பாருய்யா, நான் வயசானவன்" என்பார். மாஸ்டருக்குப் பொறுப்புக் கொடுத்துப் பழக்குகிறார் என்று நினைத்தேன். பெருந்தன்மை என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன்.

மார்கழி வந்தது. வீட்டுச் சமையலில் உப்பு முன்னும் பின்னுமாக இருந்தது. நான் வழக்கமான கேலியைச் செய்தேன். அவர் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தார். சாயங்காலம் பெல் அடிப்பதும் குறைந்துவிட்டது. நானாகக் கேட்டால்தான் வருவார். வருகிறவரும் முன்போலச் சண்டை போடுகிறவர் இல்லை. சீக்கிரம் ஒத்துக்கொண்டு எழுந்துவிடுவார். "இப்படி ஜெயிச்சா என் வாய் துருப்பிடிச்சுடும், ஒழுங்கா சண்டை போடுங்க" என்று நான்தான் அதட்டினேன்.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் என்று நினைவு. தெருவில் கூட்டம் வடிந்திருந்தது. பொழுது சாயும் நேரத்தில் பெல் அடித்தது. திறந்தால் துண்டு, கண்ணாடி எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆள் தளர்ந்து நிற்கிறார். நல்ல நடிப்பு என்று நினைத்தேன்.

"வாங்கய்யா, உட்காருங்க. பொண்ணுக்கா, பையனுக்கா?"

"கல்யாணம் முடிஞ்சு போச்சுங்க. நீங்கதான் சமையல். அதைப் பத்திச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

இது புதிது. எப்போதும் கல்யாணத்துக்கு முன்னால் பேரம் பேசத்தான் வருவார். முடிந்த பிறகு புகார் சொல்ல வந்ததில்லை. எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. புடவையைச் சரி செய்துகொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கய்யா. என்ன குறை?"

"வாசனையே இல்லைங்க."

"எதுலங்க?"

"எல்லாத்துலயும். சாம்பார் பக்கத்துல போனா வெறும் சூடுதான் தெரியுது. ரசத்துலயும் அப்படித்தான். நெய் ஊத்தினா எண்ணெய் மாதிரி இருக்கு. காபிகூட ஒண்ணும் தெரியலைங்க."

இப்படிப்பட்ட புகாருக்கு என்னிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். "ஐயா, கல்யாணத்தன்னிக்குப் பொண்ணோட அப்பாவுக்கு எதுதான் ருசிக்கும்? ஓடியாடி, கண் கலங்கி, ராத்திரி தூக்கமில்லாம நின்னீங்க. உங்களுக்கு அன்னிக்கு அமுதத்தைப் போட்டாலும் அப்படித்தாங்க இருக்கும். உங்க சம்பந்தியைக் கேளுங்க, ரெண்டாம் தடவை பாயசம் வாங்கினாரு, நான் என் கண்ணாலப் பார்த்தேன்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தெரியலை."

"மார்கழிப் பனிங்கய்யா. மூக்கடைப்பா இருக்கும். மிளகு ரசம் வச்சுக் குடிங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

"ரொம்ப நாளாவே இப்படித்தாங்க இருக்கு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. "வீட்ல சொல்லலை. சொன்னா பயந்துடுவா."

இதைக் கேட்ட பிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனையோ தடவை மனசுக்குள் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அன்று வாய் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் தன் வீட்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஆர்டர் நம் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"வீட்டம்மாவுக்குத் தெரியாமயா இருக்கும்? எல்லாம் தெரிஞ்சிருக்கும்யா. நீங்க கவலையை விடுங்க. அடுத்து ரெண்டாவது பொண்ணு இருக்குல்ல? அந்தக் கல்யாணத்துக்கும் நாங்கதான். அன்னிக்கு உங்களைச் சமையல்கட்டு வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். வாசனை உங்களைத் தேடி வரும். என்ன, சரிதானே?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்லைங்க" என்றார்.

நான் கை தட்டினேன். "ஜெயிச்சுட்டேன்! போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுக்களையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

தை பிறந்தது. முதல் முகூர்த்தம் கரூர் பைபாஸ் பக்கம் ஒரு மண்டபத்தில். பெரிய இடத்துக் கல்யாணம், ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மார்கழி முழுக்கப் பயிற்சி எடுத்த வாய் தேன் மாதிரி ஓடியது. தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். நான் பந்தி நடுவில் நின்று, வெற்றிலை வாங்கப் போன மாப்பிள்ளையின் மாமாவை வளைத்துப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வாசனை வந்தது.

பால் அடிபிடிக்கிற வாசனை. அது ஒரு தடவை வந்துவிட்டால் எதைப் போட்டாலும் மறையாது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி மோந்து பார்த்தார்கள். நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். வடை போடுகிறவர்கள் எண்ணெய்ப் புகைக்குள் இருந்தார்கள். முசிறி மாஸ்டர் சாதம் வடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பாயச அடுப்பைப் பார்ப்பார், பார்த்துவிட்டுத் தயங்குவார். பெரிய மாஸ்டரே பக்கத்தில் நிற்கும்போது யார் போய்ச் சொல்வது? பாயச உருளிக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முந்திரியை நெய்யிலிருந்து அரித்து எடுத்துக்கொண்டிருந்தார். பொன் நிறம் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பின்னால் உருளியிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் திரும்பினார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாஸ்டர் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, அடிபிடிக்குதா?" என்று கேட்டார்.

தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்கிறவர் குரலில் கேட்டார். மாஸ்டர்தான் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

பாயசத்தைக் கொட்டினோம். மாஸ்டர் அவசரமாகக் கேசரி கிளறினார். பந்தி ஓடியது. கை கழுவிவிட்டு வந்த பெண்ணின் அப்பாவிடம் போய் நின்றேன். "பரவாயில்லைம்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எதுன்னு சொல்லுங்கய்யா, நாங்க கோச்சுக்க மாட்டோம்" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சம்பந்தி வீட்டார் முன்னால் பாயசம் இல்லாமல் இலை போட்டது அவமானமாகிவிட்டது என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. மன்னிப்புக் கேட்டேன், மறுவீட்டு விருந்தை நாங்களே செய்து தருகிறோம் என்றேன். போகும்போது மனசாரக் கும்பிட்டுவிட்டுப் போனார். முன்பின் தெரியாத மனிதருக்கு நான் இதைச் செய்தேன்.

வேனில் திரும்பும்போது நாங்கள் இருவரும் முன்சீட்டில். வேன் காவிரிப் பாலம் ஏறியது. அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கில் ஒன்றும் தெரியவில்லையாம். தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தாராம். ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கண்ணளவையும் மாஸ்டரையும் வைத்து ஓட்டிவிட்டாராம்.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதாங்க?" என்று அழுதேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொன்னேனேம்மா" என்றார்.

"எப்போ சொன்னீங்க?"

"பொண்ணோட அப்பாவா வந்து."

டிரைவர் என்ன நினைத்தாரோ, பாட்டை அணைத்துவிட்டார்.

தில்லைநகரில் மூக்கு டாக்டரிடம் போனோம். நன்றாகப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். வாசனைத் தைலங்களைக் கொடுத்து, காலையும் மாலையும் மோந்து பார்த்து மூளைக்கு மறுபடி பழக்கிவிடச் சொன்னார். "கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா பலன் கூட இருந்திருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். முன்னாடியே என்பதை நான் பிடித்துக்கொண்டேன். மாதக்கணக்காக அந்தத் தைலப் பாட்டில்களைத் திறந்து மோந்தார். கிராம்பு மட்டும் ஏதோ தூரத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது என்றார். அதற்கு மேல் வரவில்லை.

என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஏன் நேராகச் சொல்லவில்லை என்று நான் அவரைக் குற்றம் சொல்லியும் பார்த்தேன். அதற்கு அவர், "அந்தத் துண்டைப் போட்டாத்தான் எனக்கு உங்கிட்டக் குறை சொல்ல வரும்" என்றார். உண்மைதான். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குறை என்று சொன்னதெல்லாம் யாராவது ஒரு பெண் வீட்டுக்காரராக வந்து சொன்னதுதான். நான் அதையெல்லாம் ஜெயித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அடுப்பு முசிறி மாஸ்டருடையது. தொழில் குறையவில்லை. என் வாயும் குறையவில்லை. அவர் விடியற்காலையில் காந்தி மார்க்கெட் போய்க் காய்கறி எடுத்து அனுப்புகிறார். கத்தரிக்காயைக் கையால் தொட்டே சொல்லிவிடலாம், அதற்கு மூக்கு வேண்டாம் என்கிறார். மண்டபத்துக்கு மட்டும் வருவதில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். மார்கழியில் வாசலில் பெல் அடித்தால் அது கொரியர்காரராகத்தான் இருக்கிறது. அந்தத் துண்டு கொடியில் காய்கிறது, சாதாரணத் துண்டாக.

போன மார்கழியில் ஒரு நாள், நான் அடுத்த மாத ஆர்டர்காரர்களிடம் போனில் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் காபி கலந்து கொண்டுவந்து வைத்தார். மார்கழி வீட்டுச் சமையலை அவர் இன்னும் விடவில்லை. நானும் கேலியை நிறுத்திவிட்டேன், உப்பை ஓசைப்படாமல் தட்டில் நானே போட்டுக்கொள்கிறேன். ஒரு வாய் குடித்தேன். பால் லேசாகத் திரிந்திருந்தது. காலையில் ஃபிரிட்ஜில் வைக்க மறந்த பாலாக இருக்க வேண்டும். மூக்கு இருக்கிறவர் பாத்திரத்தைத் திறந்ததுமே கண்டுபிடித்திருப்பார்.

"எப்படி இருக்கு?" என்றார், எதிரில் நின்றபடியே.

"பரவாயில்லைங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அடுக்களைப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக வந்து, நாற்காலியை இழுத்து, எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த அதே மாதிரி, முட்டி இடிக்கிற அளவுக்கு நெருக்கமாக.

"எதுன்னு சொல்லும்மா" என்றார். "நான் கோச்சுக்க மாட்டேன்."

பதில் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.